மின்னஞ்சலில் நேரம் தப்பாகக் காட்டுவது ஏன்?

இன்று வந்த மெயிலில் நேற்றைய நேரம், பழைய மெயில் இப்போது புதிதாக வந்து நிற்கிறது என்கிறீர்கள். இரண்டும் ஒரே கோளாறாக இருக்க வேண்டியதில்லை.

மெயிலில் தெரியும் தேதியைப் பெரும்பாலும் எழுதுவது அனுப்பியவரின் கணினிதான். அதன் கடிகாரம் பிசகினால் உங்கள் சர்வரை, அதாவது மெயிலை வாங்கி அனுப்பும் கணினியை, நோண்டிப் பயனில்லை. முதலில் அந்த மெயிலின் முழு ஹெடரைத் (மெயில் வந்த வழியைச் சொல்லும் மறைவான தலைப்புக் குறிப்புகள்) திறந்து, ‘ரிசீவ்டு’ (Received) என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஒவ்வொரு சர்வரும் தன் நேரத்தை அங்கே பதிந்திருக்கும். நேரத்தின் பக்கத்தில் +0530 போல இருக்கும் நேர மண்டலக் குறியைக் கழித்துப் பார்த்த பிறகும் இரு வரிகளுக்கிடையே பல மணி நேரம் இடைவெளி இருந்தால், மெயில் அங்கேதான் வரிசையில் சிக்கியிருக்கிறது. அனுப்ப முடியாத மெயிலைச் சர்வர்கள் 4, 5 நாள்கூட விடாமல் அனுப்ப முயலும். எல்லா மெயிலும் சரியாக ஒரே மணிக்கணக்கில் தள்ளித் தெரிந்தால் உங்கள் நேர மண்டல அமைப்பைப் பாருங்கள். ஏழு, பதின்மூன்று நிமிடம் என ஒழுங்கற்ற வித்தியாசமென்றால் ஏதோ ஒரு கடிகாரம் என்டிபியுடன் (நெட்வொர்க் வழியாகக் கணினிக் கடிகாரங்களைச் சரிசெய்யும் முறை) ஒத்திசையவில்லை.