ஒட்டாரு: கால்வாயும் கடற்சுவரும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

அலுவல் நிமித்தமாகச் சென்ற செப்டம்பர் முதல் ஜப்பானில், சப்போரோவில் இருக்கிறேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் துறைமுக நகரமான ஒட்டாருவுக்குப் போய்வந்தேன். எல்லோரும் கொண்டாடும் அந்தக் கால்வாய் என் கண்ணுக்கு ஒரு பெரிய வாய்க்காலாகத்தான் தெரிந்தது. படங்களில் பார்த்த அழகில் பாதிகூட நேரில் இல்லை. கண்ணாடிக் கடைகள், மியூசிக் பாக்ஸ் கடை, நீராவிக் கடிகாரம் என்று மூன்று மணி நேரத்தில் ஊர் முடிந்துவிட்டது. மே மாதம் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பா பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சைவம் வேறு. அவர்களை ஒட்டாருவுக்கு அழைத்துப் போகலாமா, அல்லது அந்த நாளை வேறு ஊருக்கு ஒதுக்கலாமா? நீங்கள் அங்கே போனதைப் பற்றி முன்பு எழுதியிருந்ததால் கேட்கிறேன். சைவ உணவுக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

க., சப்போரோ

அன்புள்ள க.,

சில மாதங்களாகச் சென்னைத் துறைமுகத்தின் தொடக்க கால வரலாற்றை வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1881ஆம் ஆண்டு நவம்பர் மாதப் புயலைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. அந்தப் புயலுக்கும் நீங்கள் மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்ட ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. ஆகவே இந்தப் பதில் சற்று நீளும்.

முதலில் என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘ஊர் முடிந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் பார்த்தது நேரில் அப்படியே இருக்கிறதா என்று சரிபார்க்கப் போனவருக்கு எந்த ஊரும் மூன்று மணி நேரத்தில் முடியத்தான் செய்யும். அறுபது ஆண்டுகளுக்கு முன் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்து, இன்று ஏறத்தாழ அதில் பாதியாகச் சுருங்கிவிட்ட ஒரு துறைமுக நகரம், வந்தவரிடம் தன்னை விளக்கிக்கொண்டிருக்காது. கேட்பவருக்குத்தான் சொல்லும். நீங்கள் எதையும் கேட்கவில்லை. இந்தக் கப்பல்கள் எதை ஏற்றின, எங்கே கொண்டு போயின, இத்தனை பெரிய கல் கிடங்குகளும் வங்கிகளும் இவ்வளவு சிறிய ஊரில் எப்படி வந்தன என்ற கேள்விகளில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

அந்தக் கால்வாய் உங்களுக்குச் சிறியதாகத் தெரிந்ததில் வியப்பில்லை, ஏனெனில் நீங்கள் பார்த்தது பாதிக் கால்வாய். 1923இல் அது கட்டி முடிக்கப்பட்டபோது அதன் அகலம் 40 மீட்டர். அது நிலத்தைத் தோண்டி வெட்டிய கால்வாய் அல்ல. கரைக்கு எதிரே கடலைத் தூர்த்து, இடையில் நீர்வழியை விட்டார்கள். அதனால்தான் அது பழைய கரையோரத்தைப் பின்பற்றி வளைந்து செல்கிறது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும், தோணிகள் சரக்கை ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியாகக் கிடங்கின் வாசலுக்கே வரும். பிற்காலத்தில் கப்பல்கள் நேராக வந்து கட்டும் மேடைகள் அமைந்தபின் தோணிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று, கால்வாயில் சேறும் நாற்றமும் மிஞ்சின. 1966இல் அதை முழுவதும் தூர்த்து ஆறு வழிச் சாலை போடுவதென்று நகரத் திட்டம் வகுத்தார்கள். சாலைப் பணிக்காக அருகில் இருந்த கல் கிடங்குகள் இடிக்கப்படுவதைக் கண்ட ஊர்க்காரர்கள் சிலர் 1973இல் கால்வாயைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதைப் பின்னர் தலைமையேற்று நடத்திய மினேயமா ஃபுமி ஓர் இல்லத்தரசி, அறுபது வயதைத் தாண்டியவர். அந்தப் போராட்டம் பத்தாண்டுகளுக்கு மேல் நடந்தது. பாதியைத் தூர்ப்பது, பாதியை விடுவது என்ற சமரசத்தில் அது முடிந்து, 1986இல் நீங்கள் நடந்த அந்த நடைபாதை உருவாயிற்று. உங்கள் முதுகுக்குப் பின்னால் லாரிகள் போய்க்கொண்டிருந்தனவே, அந்தச் சாலைதான் மீதிக் கால்வாய். வடக்கே இன்னும் பத்து நிமிடம் நடந்திருந்தால் 40 மீட்டர் அகலம் குறையாத பகுதியைப் பார்த்திருப்பீர்கள்.

கண்ணாடிக் கடைகளைப் பற்றியும் மியூசிக் பாக்ஸைப் பற்றியும் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நீராவிக் கடிகாரம் கனடாவிலிருந்து வந்தது, அதைப் பார்க்க ஒட்டாருவுக்குப் போக வேண்டியதில்லை.

கிடங்குகளின் அருகே போய் நின்று பார்த்தீர்களா? கால்வாய் அமைவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1890களில், காகா பகுதியின் கப்பல் வணிகர்கள் கட்டிய கிடங்கு ஒன்று இன்று நகர அருங்காட்சியகத்தின் பகுதியாக இருக்கிறது. கூரை உச்சியில் மீன் உருவங்கள் வாலைத் தூக்கி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் முழுக்க முழுக்கக் கல் கட்டடம் என்றுதான் தோன்றும். உள்ளே போனால் பாரம் தாங்குவது மரச்சட்டம் என்பது தெரியும். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்கல்லைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூணுக்கு வெளியே அடுக்கி, ஒவ்வொரு கல்லையும் இரும்புக் கொக்கியால் தூணோடு பிணைத்திருக்கிறார்கள். தீ விபத்துக்கு அஞ்சிய ஊர், முழுக் கல் கட்டடத்துக்குச் செலவிட முடியாதபோது கண்டுகொண்ட வழி இது. அந்தக் கொக்கிகளில் துரு ஏறிக் கல்லின் மேல் பழுப்பு நிறத்தில் வழிந்திருக்கும். நான் அவற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அந்தக் கிடங்குகளை நிரப்பியவற்றில் முதன்மையானது மீன், அதுவும் உணவுக்கான மீன் மட்டுமன்று. நிஷின் என்று அவர்கள் அழைக்கும் ஹெர்ரிங் நம் ஊர் மத்தியின் இனம். வசந்தத்தில் முட்டையிடக் கரைக்கு வரும்போது கடலே வெளுத்துவிடும் என்பார்கள். பிடித்த மீனைப் பெரும் கொப்பரைகளில் வேகவைத்து, பிழிந்து எண்ணெயெடுத்து, மிஞ்சிய சக்கையை உலர்த்தி, ஓசாகா பக்கத்துப் பருத்தி வயல்களுக்கும் அவுரி வயல்களுக்கும் எருவாக அனுப்பினார்கள். 1897இல், ஒட்டாருவும் சப்போரோவும் இருக்கும் வடக்குத் தீவான ஹொக்கைடோ முழுவதிலும் பிடிபட்டது ஏறத்தாழ 9,70,000 டன். 1950களில் மீன் வருவது அநேகமாக நின்றுபோயிற்று. இன்னொரு சரக்கு நிலக்கரி. நீங்கள் சப்போரோவிலிருந்து வந்த ரயில் பாதை முதலில் போடப்பட்டது 1880இல். இரண்டு ஆண்டுகளில் அது ஹொரொனாய் சுரங்கம் வரை நீண்டது. அந்தச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் சிறைக்கைதிகள். அந்தப் பாதையின் மிச்சமாக, ஊருக்குள் பூங்காப் பாதையாக விடப்பட்டிருக்கும் தெமியா தண்டவாளத்தில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஒட்டாருவின் முதன்மையான கட்டுமானம் கால்வாய் அன்று, கடலுக்குள் நிற்கும் வடக்கு அலைதடுப்புச் சுவர். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் எப்படி ஒரு துறைமுகத்தைப் பற்றிக் கடிதம் எழுதினீர்கள்? குளிர்காலத்தில் ஜப்பான் கடலின் பெருங்காற்று அடிக்கும்போது அந்த விரிகுடாவில் கப்பல்கள் நிற்க முடியாது. கப்பல் நிற்காவிட்டால் கிடங்கும் இல்லை, வங்கியும் இல்லை, தத்சுனோ கிங்கோ வடிவமைத்து 1912இல் எழுந்த ஜப்பான் வங்கிக் கிளையும் இல்லை. அந்தச் சுவரைக் கட்டியவர் ஹிரோய் இசாமி. 1862இல் பிறந்தவர், சப்போரோ விவசாயக் கல்லூரியில் படித்தவர், அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பணிகளில் வேலை கற்றவர். 1897இல் வேலையைத் தொடங்கி 1908இல் முடித்தார். நீளம் 1,289 மீட்டர்.

அந்த ஆண்டுகளில் கடல் நீரில் கான்கிரீட் எத்தனை காலம் தாங்கும் என்பது யாருக்கும் உறுதியில்லாத ஒன்றாக இருந்தது. யோகோகாமா துறைமுகத்துக்காக வார்த்த கான்கிரீட் கட்டிகள் விரிசல் விட்டு, நாடே கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. ஹிரோய் சிமெண்ட்டோடு எரிமலைச் சாம்பலைக் கலந்தார். சிமெண்ட் இறுகும்போது வெளிப்படும் சுண்ணத்தை அந்தச் சாம்பல் பிணைத்துக்கொள்வதால் கலவை நெருக்கமாகி, உப்பு நீர் உள்ளே புகுந்து அரிப்பது குறைகிறது. செலவும் குறைந்தது. ஆனால் அவர் தம் கணக்கை நம்பி அதோடு விட்டுவிடவில்லை. கலவையின் வலிமை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதை அறிய, ஏறத்தாழ 60,000 சோதனைக் கட்டிகளை வார்த்து, சிலவற்றைக் காற்றிலும் சிலவற்றை நன்னீரிலும் சிலவற்றைக் கடல் நீரிலும் வைத்தார். அவர் 1928இல் இறந்துபோனார். சோதனை நூறாண்டுகளைத் தாண்டியும் தொடர்ந்தது. துறைமுக அலுவலகத்தின் சிறிய ஆவண அறையில் அந்தக் கட்டிகளைப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு, நடுவே இடை சிறுத்திருக்கும். இரு பக்கமும் பிடித்து இழுத்தால் அந்த இடையில்தான் முறிய வேண்டும் என்பதற்காக அந்த வடிவம். தான் பார்க்கப்போகாத முடிவுக்காக ஒரு மனிதர் இத்தனை கட்டிகளை எண் போட்டு அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னால் அந்த அறையைவிட்டு எளிதில் வெளியே வர முடியவில்லை.

உங்கள் தந்தைக்கு இன்னொரு செய்தி சொல்லுங்கள். அந்தச் சுவரின் கட்டிகள் நிமிர்ந்து நிற்பவை அல்ல. அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் புத்தகங்களைப் போல, 71 பாகைக்குச் சற்று மேலான கோணத்தில், ஒவ்வொரு வரிசையும் முன்னதன்மேல் சாய்ந்திருக்கிறது. அடித்தளம் ஓரிடத்தில் அமிழ்ந்தாலும் அந்தந்த வரிசை மட்டும் சறுக்கி இறங்கிக்கொள்ளும், சுவர் பிளக்காது. இதே முறை அதற்கு முன்பே இலங்கையில், கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பில் கையாளப்பட்டது. 1875இல் தொடங்கி 1885இல் முடிந்த அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. சென்னையிலும் அதே பத்தாண்டில் வேலை தொடங்கியது. அதுவரை நமக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தொலைவில் நிற்க, மசூலா படகுகள்தாம் அலைகளைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. சுவர் ஏறக்குறைய முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் வந்து ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு அதைச் சாய்த்துவிட்டது. மறுபடி கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் இறுதி ஆயிற்று. கடலுக்குள் சுவர் கட்டுவது எத்தகைய துணிச்சல் என்பதை இந்த வரலாறு தெரிந்தவர்தான் ஒட்டாருவின் சுவரை உரிய மதிப்போடு பார்க்க முடியும். மெரினாவில் காற்று வாங்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நான் வளர்ந்தது இராயபுரத்தில். சென்னைத் துறைமுகச் சுவர் மணலின் ஓட்டத்தை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே எங்கள் கரையைக் கடல் தின்றது. என் பாட்டி தம் இளமையில் விளையாடிய தெருவைக் கடலுக்குள் கை நீட்டித்தான் காட்டுவார். “சொவரு கட்டுனான், மணலு அந்தாண்ட போச்சு, கடலு இந்தாண்ட வந்துச்சு” என்பார். ஆகவே அலைதடுப்புச் சுவர்களை நான் கண்மூடிக் கொண்டாடுபவன் அல்லன். ஒரு சுவர் யாருக்குச் சோறு போட்டது, யாருடைய வீட்டை எடுத்துக்கொண்டது என்ற இரண்டு கணக்கும் சேர்ந்ததுதான் துறைமுகம். ஒட்டாருவிலும் அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மீன்பிடி கரைகள் வணிகர்களின் கைக்குப் போன பிறகுதான் அந்தச் செல்வமெல்லாம் குவிந்தது. இவற்றையெல்லாம் தெரிந்துகொள்ள நேரம் ஒதுக்காமல், படத்தில் இருந்த அழகு நேரில் இல்லை என்று குறைபடுவது உங்களைப் போன்ற படித்த இளைஞருக்கு அழகன்று. கடுமையாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஓய்வு பெற்ற தந்தையை எங்கே அழைத்துப் போவது என்று யோசிக்கும் மகனிடம் எனக்கு அன்புதான் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் கலவையும் கம்பியும் அளவுகோலுமாக வெயிலில் நின்ற ஒருவருக்கு, தம் தொழிலின் மிகச் சிறந்த சான்று ஒன்று இருக்கும் ஊரைக் காட்டாமல் வேறு எங்கே கூட்டிப் போகப்போகிறீர்கள்?

அழைத்துப் போங்கள். சப்போரோவிலிருந்து வரும்போது ரயிலில் வலப்பக்கம் உட்காருங்கள், வழியில் பாதை கடலை ஒட்டியே ஓடும். காலையில் கிடங்கு அருங்காட்சியகம், பிறகு வடக்குக் கால்வாய் வழியாகக் கால்வாய்ப் பூங்கா, அங்கே ஹிரோயின் மார்பளவுச் சிலை இருக்கிறது. ஷுகுட்சுவில் இருக்கும் நிஷின் மாளிகை 1897இல் கட்டப்பட்டு, 1958இல் அங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. குளிர்காலத்தில் மூடியிருக்கும், மே மாதத்தில் திறந்திருக்கும். ஆனால் அது மேட்டின்மேல் இருப்பதால் அம்மாவின் முழங்காலை நினைத்து முடிவெடுங்கள். பிற்பகலில் ரோப்வே வழியாகத் தெங்குயாமா மலைக்குப் போனால் துறைமுகம் முழுவதும் கீழே விரியும், சுவர் கடலுக்குள் கோடாக நீள்வதையும் அங்கிருந்து காணலாம். உணவுக்கு, மீன் சேராத சோற்றுருண்டை கடைகளில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அது போதாதென்றால் காலையில் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.