ரிமோட் யார் கையில் இருந்தது

வணக்கம் அக்கா,

போன மாதம் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுதியபோது, பள்ளிப் பிள்ளைகளின் வாழ்க்கையைச் சொன்னதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது ‘மை ஸோ-கால்ட் லைஃப்’ என்ற அமெரிக்கத் தொடர் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நாங்கள் இருப்பது ஏற்காட்டில், நாகலூர் பக்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலம் நாலு மணிக்கே எதிர்வீடு தெரியாது. அந்த மழையில் நானும் என் மனைவியும் பிளஸ் ஒன் படிக்கும் மகளோடு உட்கார்ந்து, 19 பகுதிகளையும் பார்த்து முடித்தோம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கதையின் நாயகி ஏஞ்சலா எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். அம்மா அச்சகத்துக்கும் வீட்டுக்குமாக ஓடுகிறார். அவரிடம் இவள் ஆசையாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. என் மனைவி முழுக்க அம்மா கட்சி. மகளோ கடைசிப் பகுதி முடிந்ததும் அழுதுவிட்டாள். கதை முடியாமலே நின்றுவிட்டது என்று கோபம். “யாருப்பா நிறுத்துனாங்க? யாரைக் கேட்டு நிறுத்துனாங்க?” என்றாள். ஜனங்க பார்க்கலை, நிறுத்திட்டாங்க என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பார்த்தவர்களே கைவிட்ட ஒன்றை முப்பது வருடம் கழித்து நாம் ஏன் கொண்டாட வேண்டும்? நம் ஊரில் ‘கனா காணும் காலங்கள்’ ஓடு ஓடென்று ஓடியதே, பிள்ளைகளுக்குப் பிடித்தது எது என்பதற்கு அதுதானே சாட்சி?

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு தகப்பன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்விகளைவிடப் பாப்பாவின் கேள்விதான் பெரிது. யாரைக் கேட்டு நிறுத்தினார்கள்? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அவளிடம் சொன்ன பதில் பாதிதான் சரி.

அந்தத் தொடர் ஏபிசி தொலைக்காட்சியில் 1994 ஆகஸ்ட் 25 அன்று தொடங்கியது. 1995 ஜனவரி 26 அன்று கடைசிப் பகுதி. வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு வரும். அதே நேரத்தில் போட்டி நிறுவனமான என்பிசியில் ‘மேட் அபௌட் யூ’. அது முடிந்த கையோடு, அந்தச் செப்டம்பரில்தான் தொடங்கியிருந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’. அமெரிக்க வீடுகளில் வியாழன் இரவென்றால் என்பிசிதான் என்று இருந்த காலம் அது. வீடே உட்கார்ந்து சிரிக்கிற இரண்டு தொடர்களுக்கு எதிரே, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு மணி நேரம் தன் மனத்துக்குள் பேசுகிறதைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்த வீடுகளைக் கணக்கெடுத்தது நீல்சன் நிறுவனம். தேர்ந்தெடுத்த வீடுகளில் ஒரு கருவியைப் பொருத்துவார்கள். 1987 முதல் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிப் பொத்தான் உண்டு. டிவி முன்னால் உட்கார்ந்தால் அவரவர் பொத்தானை அழுத்த வேண்டும். ஆக, அந்தப் பெண்கள் பார்த்தது கணக்கில் வராமல் இல்லை. ஆனால் விளம்பரம் கொடுப்பவர்கள் பெரிய காசு கொடுத்தது 18 வயதிலிருந்து 49 வயதுவரை உள்ளவர்களுக்கு. ஏஞ்சலாவுக்கு வயது 15. அவளாக நடித்த க்ளேர் டேன்ஸுக்கும் தொடர் தொடங்கியபோது 15. அந்தக் கதை யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்கள் பொத்தானை அழுத்தினாலும் அது சின்னக் காசுதான். பாப்பாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள். அவள் வயதுப் பிள்ளைகளைத் தவிர மற்ற எல்லோரையும் கேட்டுத்தான் நிறுத்தினார்கள்.

பார்த்தவர்கள் கைவிட்டார்கள் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீடுகளில் இணையம் அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாளிலேயே இணையத்தில் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து, தொடரை நிறுத்தாதீர்கள் என்று சேர்ந்து எழுதினார்கள். ஒரு தொடரைக் காப்பாற்ற இணையத்தில் நடந்த முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று. க்ளேர் டேன்ஸுக்குக் கோல்டன் குளோப் விருது கிடைத்தது ஜனவரி 21. ஐந்தாம் நாள் கடைசிப் பகுதி. பிறகு எம்டிவியில் மறுஒளிபரப்பு வந்தபோது, அந்த வயதுப் பிள்ளைகள் பார்க்கிற இடத்துக்குத் தொடர் போய்ச் சேர்ந்தது. 1998 ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகளின் கதையான ‘டாசன்ஸ் க்ரீக்’ வந்தபோது, பதின்வயதுக்காரர்களை நம்பியே ஒரு தொலைக்காட்சி நிறுவனம் கடை நடத்திக்கொண்டிருந்தது. வாங்குகிறவர்கள் நாலு வருடமாகத் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார்கள், கடை திறக்கத்தான் தாமதம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ‘கனா காணும் காலங்கள்’ விஜய் டிவியில் 2006-இல் தொடங்கியபோது, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா மகளுக்கு அப்போது பதினாறு வயது. வீட்டில் ஒரே டிவி. ரிமோட் என் அம்மாவிடம் இருக்கும். தூசி படக் கூடாதென்று அதைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, மடியிலேயே வைத்திருப்பார். அக்காவும் மகளும் தரையில் உட்கார்ந்து கொலுசுக்குக் கண்ணி கோர்ப்பார்கள். பட்டறையிலிருந்து எடைபோட்டுக் கொடுத்த வெள்ளிக் கண்ணிகள் தட்டில் குவிந்து கிடக்கும். ஆளுக்கொரு குறடு.

அம்மா பார்க்கிற தொடரில் விளம்பரம் வந்ததும் அவள், “அம்மாயி, ஒரே நிமிஷம்” என்பாள். அம்மா ரிமோட்டைக் கொடுக்கமாட்டார், தானே மாற்றுவார். விஜய் டிவி வரும். அந்தப் பெண்ணின் குறடு அப்படியே அந்தரத்தில் நிற்கும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். விளம்பரம் முடிந்தது அம்மாவுக்கு எப்படித்தான் தெரியுமோ, படக்கென்று பழைய சேனல் வந்துவிடும். குறடு மறுபடி தட்டுக்குள் இறங்கும். மிச்சக் கதை அவளுக்கு மறுநாள் காலையில்தான் கிடைக்கும். பள்ளித் தண்ணீர்க் குழாயடியில், மாடியில் தனி டிவி இருந்த தோழி ஒருத்தி நடித்தே காட்டுவாளாம்.

எங்கள் வீட்டில் கணக்கெடுக்கும் கருவி இருந்திருந்தால் என்ன பதிவாகியிருக்கும்? இந்த வீட்டில் எல்லோரும் அம்மாவின் தொடரைத்தான் பார்த்தார்கள் என்று பதிவாகியிருக்கும்.

அக்கா மகள் இப்போது ஓசூரில் இருக்கிறாள், அவளுக்கே ஒரு மகன். போன பொங்கலுக்கு வந்தபோது பழைய பேச்சு எழுந்தது. ஒரு காட்சியைச் சொன்னாள். யார் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், யார் முதலில் எழுந்து போனார்கள் என்பதுவரை சொன்னாள். இவ்வளவு ஞாபகமா என்று கேட்டேன். “அதை நான் பார்க்கவே இல்லை சித்தி, குழாயடியில அவ சொன்னதுதான்” என்றாள்.

‘கனா காணும் காலங்கள்’ ஓடியதில் எனக்கு முழு சந்தோஷம். 2022-இல் ஹாட்ஸ்டாரில் புதிய பிள்ளைகளோடு மறுபடி வந்தபோதும் ஆசையாகப் பார்த்தேன். ஆனால் ஓடியதை வைத்துப் பிள்ளைகளின் விருப்பத்தை அளக்காதீர்கள், நின்றுபோனதை வைத்தும் அளக்காதீர்கள். இரண்டு ஊரிலும் ரிமோட் அவர்கள் கையில் இல்லை.

அடுத்து, அம்மா கட்சி. உங்கள் மனைவி சொல்வது நியாயம். ஏஞ்சலாவின் அம்மா பெயர் பாட்டி (Patty). அவரைப் போல நன்றாக எழுதப்பட்ட அம்மாக்கள் பள்ளிப் பிள்ளைகளின் தொடர்களில் அபூர்வம். அதற்கு ஒரு காரணம் உண்டு. க்ளேர் டேன்ஸ் சிறுமி என்பதால், ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் அவரை நடிக்கவைக்கச் சட்டம் இடம் தராது. நடுவில் படிப்புக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் எடுக்கக் காட்சிகள் வேண்டியிருந்தன. கதையை உருவாக்கிய வின்னி ஹோல்ஸ்மன் அந்த இடத்தைப் பெற்றோருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் கொடுத்தார். பாட்டி தத்துப்பிள்ளை என்பதும், தன் தகப்பனாரின் அச்சகத்தை அவர் தலையில் சுமப்பதும், அங்கே வேலை பார்த்த கணவர் அதை விட்டுவிட்டுச் சமையல் கற்கப் போவதும் நமக்குத் தெரியவருவது அந்த இடத்தில்தான்.

நான் இந்தத் தொடரை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை 2003-இல், தோழி பெங்களூரிலிருந்து கொண்டுவந்த டிவிடியில். அப்போது இடுப்பில் கைக்குழந்தை. ஏஞ்சலாவைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை. அம்மா எப்போதும் அழகாக இருக்கிறாள், பக்கத்தில் நின்றால் என் முகப்பருதான் தெரியும் என்று, அம்மாவும் மகளும் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு மேடையேறும் நிகழ்ச்சிக்கு வரமாட்டேன் என்கிறாளே, அந்தப் பகுதியில் எழுந்து போய்விட்டேன். அம்மா ஆசைப்பட்டுக் கேட்கிறாள், உனக்கு என்னடி என்று வந்தது. போன வருடம் மறுபடி பார்த்தேன். என் மகன் இப்போது வேலைக்குப் போகிறான். பிள்ளை எப்படி ஆவானோ என்று நெஞ்சுக்குள் இருந்த பயம் போய்விட்டது. அந்தப் பயம் போன பிறகுதான் ஏஞ்சலா என்ன சொல்கிறாள் என்பதே காதில் விழுந்தது. அதே பகுதியில் அவள் அம்மாவைத் திட்டவே இல்லை தம்பி. அம்மாவைப் பார்த்து மலைத்து நிற்கிறாள். உனக்கு மகளாக இருக்க நான் போதுமா என்றுதான் அந்த முகம் கேட்கிறது. முதல் தடவை அது எனக்குத் திமிராகத் தெரிந்தது.

உங்களுக்குப் பிடிக்காமல் போனதும் அந்தப் பயத்தால் இருக்கலாம் என்று நினைக்கிறேன். பதினாறு வயது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னொருத்தி தோழி பேச்சைக் கேட்டுத் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் அடிப்பதைப் பார்க்கிற தகப்பனுக்குக் கதை ரசிக்காது. இதில் உங்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஆவி வருகிற அந்த ஹாலோவீன் பகுதி தேவையே இல்லை. மற்ற நாளெல்லாம் குளியலறைக் கண்ணாடியையும் வகுப்பறை வாசலையும் வைத்தே கதை சொன்னவர்களுக்கு ஆவி எதற்கு? கிறிஸ்துமஸ் பகுதியிலும் ஒரு தேவதை வருகிறாள். ஆனால் அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வீட்டைவிட்டு விரட்டப்பட்ட ரிக்கி, ஏஞ்சலாவின் தோழன், குளிரில் போக்கிடம் இல்லாமல் அலைவது அதில்தான். ஆண்களை விரும்புகிறவன் என்று தெரிந்ததும் வீட்டிலிருந்து துரத்தப்பட்டது, அவனாக நடித்த வில்சன் க்ரூஸின் சொந்த வாழ்க்கையிலும் நடந்தது. அவரே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். 1994-இல் அப்படி ஒரு பையனைக் கேலிப்பொருளாக்காமல், வகுப்பில் எல்லோரையும்போல ஒருவனாக உட்காரவைத்தார்கள். நம் தொடர்களில் இன்றைக்கும் அதற்குத் தயக்கம்தான்.

கடைசிப் பகுதிக்கு வருகிறேன். ஏஞ்சலா ஆசைப்படுகிற பையன் ஜோர்டன். அவளை மனத்துக்குள் விரும்புகிற பக்கத்து வீட்டுப் பையன் பிரையன். ஏஞ்சலாவுக்குக் கொடுக்க, ஜோர்டனுக்காக பிரையன் கடிதம் எழுதிக் கொடுக்கிறான். எழுதியது பிரையன் என்று ஏஞ்சலாவுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் ஜோர்டனின் காரில் ஏறுகிறாள். சைக்கிளோடு தெருவில் நிற்கிற பிரையனைத் திரும்பிப் பார்க்கிறாள். கார் போய்விடுகிறது. அடுத்த வருடம் தொடரலாம் என்று நம்பி விட்ட இடம் அது. அடுத்த வருடம் வரவே இல்லை.

பாப்பா அழுததில் ஆச்சரியம் இல்லை, எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அவளிடம் ஒன்று கேட்க ஆசை. பிரையனுக்காகவா அழுதாள், ஏஞ்சலாவுக்காகவா? அடுத்த பகுதி வந்திருந்தால் அந்தக் கார் எங்கே போய் நின்றிருக்கும்? உங்களையும் என்னையும் விட அவள் இதற்கு நல்ல பதில் சொல்வாள். இரண்டு பக்கமோ பத்துப் பக்கமோ, அவளையே எழுதச் சொல்லுங்கள். ஒரு எழுத்து மாற்றாமல் அடுத்த வாரம் இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா