பிரீசெட்டை மூடிவிட்டுக் கேளுங்கள்: மென்பொருள் சிந்தசைசர் வாங்குவோருக்குச் சில பதில்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். வீட்டில் இருந்தபடியே தமிழ் ராப் பாடல்களுக்கு இசை அமைக்கிறேன். என் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம்தான். 800 ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு நண்பர் சீரம் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் ஆம்னிஸ்பியர் இல்லாமல் வேலைக்கு ஆகாது என்கிறார், மூன்றாமவர் இலவச வைட்டலே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மூன்றாமவர் சொல்வதைக் கேளுங்கள். இப்போதைக்கு ஒரு காசும் செலவழிக்காமல் வைட்டலைப் பதிவிறக்கி, அதிலேயே சில பாடல்களை முழுதாக முடித்துப் பாருங்கள். பிறகு ஏதாவது குறைகிறது என்று உங்கள் காதுக்கே தெரிந்தால் அப்போது வாங்கலாம்.

மூன்றுமே சிந்தசைசர்கள், அதாவது கணினியிலேயே இசை ஒலிகளை உருவாக்கும் மென்பொருள்கள். சீரமும் வைட்டலும் வேவ்டேபிள் வகையைச் சேர்ந்தவை. பல அலைவடிவங்களை வரிசையாக அடுக்கிவைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தபடியே ஒலி எழுப்புகின்றன. சீரம் 2014-இல் வந்தது, வைட்டல் 2020-இல். வைட்டலின் இலவசப் பதிப்பிலும் ஒலியை உண்டாக்கும் பகுதி கட்டணப் பதிப்பில் உள்ளதேதான். முக்கியமாகக் குறைவது உடன் வரும் பிரீசெட்டுகளும் (முன்கூட்டியே அமைத்துத் தரும் ஒலிகள்) வேவ்டேபிள்களும். இலவசப் பதிப்பில் 75 பிரீசெட்டுகள் இருக்கின்றன. கற்றுக்கொள்ள அது தாராளம்.

அப்படியானால் சீரத்துக்கு ஏன் பணம் கொடுக்கிறார்கள்? அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் பிரீசெட் தொகுப்புகளுக்கும் காணொளிப் பாடங்களுக்கும் கணக்கே இல்லை. கூட்டாக வேலை செய்யும்போது கூட்டாளியிடமும் பெரும்பாலும் அதுவே இருக்கும் என்பது இன்னொரு வசதி. 2025-இல் சீரம் 2 வெளிவந்தபோது பழைய பதிப்பை வாங்கியிருந்த எல்லோருக்கும் அதை இலவசமாகவே கொடுத்தார்கள். வாங்கியவரை இப்படி மதிக்கும் நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒலிக்காக மட்டும் என்றால் உங்கள் நிலையில் அவசரமில்லை.

ஆம்னிஸ்பியர் முற்றிலும் வேறு ரகம். பதிவு செய்யப்பட்ட ஒலிகளின் மாபெரும் நூலகமே அதன் அடித்தளம். வட்டில் 60 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும். விலை 500 டாலர் அளவில் இருக்கும். டாலருக்கு 4 ரிங்கிட் என்று வைத்தாலும் 2,000 ரிங்கிட். வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கச் சோதனைப் பதிப்பும் தருவதில்லை. படங்களுக்குப் பின்னணி இசை செய்பவருக்கு அது பொக்கிஷம். ராப் பாடலின் பாஸுக்கு அதன் தேவை இல்லை.

எந்த இரண்டை ஒப்பிட்டாலும் பிரீசெட்டை வைத்து ஒப்பிடாதீர்கள். சேலை எடுக்கப் போகும் அம்மாக்கள் கடை விளக்கை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதைத்தான் இங்கும் செய்ய வேண்டும். இரண்டிலும் வெறும் தொடக்க நிலைக்குப் போங்கள். ஒரே ஒரு ரம்பப்பல் அலை (ரம்பத்தின் பல்போன்ற வடிவமுள்ள அடிப்படை ஒலி) போதும். ரிவெர்ப், டிலே, கோரஸ் போன்ற ஒலி அலங்காரங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அளவுமானியைப் பார்த்து இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். இதைத் தவறவிட்டால் ஒப்பீடே வீண், ஏனென்றால் சற்றுச் சத்தமாக ஒலிப்பதைத்தான் காது நல்லது என்று சொல்லும். பிறகு உங்கள் பாட்டில் இருக்கும் அதே சுர வரிசையை இரண்டிலும் ஓடவிடுங்கள். மிக உயர்ந்த சுரங்களில் தகரம் உரசுவதுபோல் ஒரு கரகரப்பு வருகிறதா என்று கவனியுங்கள். ஒலியின் கூர்மையைக் குறைக்கும் ஃபில்டரை மெதுவாக மூடித் திறந்து, அது வெட்டும் இடத்தை அழுத்திக் காட்டும் ரெசனன்ஸை ஏற்றி, ஒலி மெலிந்துவிடுகிறதா, திரட்சியாக நிற்கிறதா என்று பாருங்கள்.

அந்த ஃபில்டர் சோதனையில்தான் டிவா என்ற சிந்தசைசரின் அருமை தெரியும். பழைய அனலாக் கருவிகளின் மின்சுற்று நடத்தையையே கணக்கிட்டு ஒலிப்பதால் அதற்கென்று ஒரு கனம் உண்டு. அந்தக் கணக்குக்குச் செயலியின் உழைப்பு கூடுதலாகத் தேவை. உங்கள் கணினியில் டிவாவை நான்கைந்து தடங்களில் வைத்தால் பாட்டு திக்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு தடத்தையும் ஆடியோவாக மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போகும் பொறுமை இருந்தால் மட்டும் அதை நினையுங்கள்.

ராப் பாடல்களில் நீண்டு அதிரும் 808 பாஸையே எடுத்துக்கொள்வோம். வைட்டலில் ஒரு சைன் அலை (மேல் ஹார்மோனிக்குகள் இல்லாத தூய ஒலி) வையுங்கள். நேரத்தோடு ஒலியை மாற்றும் என்வலப் ஒன்றைச் சுருதியோடு இணைத்து, ஒலி தொடங்கும்போது இரண்டு ஆக்டேவ் மேலிருந்து சுமார் 50 மில்லிவினாடிக்குள் கீழே விழும்படி அமையுங்கள். அந்தத் ‘தும்’ என்ற அடி அங்கிருந்துதான் வருகிறது. ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும்படி மோனோவாக்கி, சுரத்துக்குச் சுரம் வழுக்கும்படி கிளைடு கொடுங்கள். கடைசியாக ஒலியைச் சற்றுச் சிதைக்கும் டிஸ்டார்ஷன் கொஞ்சம். இதை விட்டுவிட்டால் பாஸ் உங்கள் ஹெட்போனில் அதிரும், கேட்பவரின் கைப்பேசியில் காணாமல் போகும். சிறிய ஒலிபெருக்கியால் அடித்தளச் சுரத்தை எழுப்ப முடியாது. டிஸ்டார்ஷன் உண்டாக்கும் மேல் ஹார்மோனிக்குகளை (அடிச் சுரத்தின் மடங்குகளாக எழும் துணை ஒலிகளை) கேட்டுத்தான் காது அந்தச் சுரத்தை ஊகிக்கிறது. இதற்கு எந்த விலையுயர்ந்த சிந்தசைசரும் வேண்டாம்.

பின்னாளில் வாங்கும்போது நவம்பர் மாதத் தள்ளுபடி வரை காத்திருங்கள். நீங்கள் மாணவர் என்பதால் ஆர்ட்டூரியா போன்ற நிறுவனங்கள் தரும் கல்விச் சலுகையையும் விசாரியுங்கள். விற்பனைப் பக்கத்தில் காட்டும் டாலர் விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். பதிவு பெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் இலக்கவியல் சேவை வரி வசூலிப்பார்கள். 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம் வேறு.

கேள்வி: எங்கள் உருமி மேளக் குழு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் வாசிக்கும். ஒரு பாடலைப் பதிவு செய்ய விரும்புகிறோம். உருமியும் நாதஸ்வரமும் அசலாக வரும் சிந்தசைசர் எது?
– வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: அதற்காக எந்தச் சிந்தசைசரையும் வாங்கவேண்டாம். வளைந்த குச்சி தோலில் உரசும்போது எழும் அந்த முனகலை அலைவடிவத்தில் செய்தால் சாயல் வரும், உயிர் வராது. உங்களிடம்தான் வாசிப்பவர்களே இருக்கிறார்களே! அமைதியான அறையில் ஒரு மைக் வைத்து, ஒவ்வொரு அடியையும் மெதுவாகவும் பலமாகவும் தனித்தனியாகப் பதிவு செய்து, பதிவு செய்த ஒலிகளை விசைகளில் வாசிக்க உதவும் சாம்ப்ளரில் (உங்கள் இசை மென்பொருளோடே வரும்) ஏற்றிக்கொள்ளுங்கள். நாதஸ்வரத்துக்கு அதுவும் உதவாது. கமகத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்க முடியாது. கலைஞரை அழைத்து முழுதாக வாசிக்கச் செய்து, அவருக்கு உரிய பணத்தைக் கொடுங்கள்.

சிந்தசைசருக்கும் வேலை இருக்கிறது. உருமியின் அடியில், அதே வழுக்கலோடு நகரும் ஒரு தாழ்ந்த சைன் அலை வைத்தால் பெரிய ஒலிபெருக்கியில் நெஞ்சு அதிரும். சுருதியை நாதஸ்வரத்தோடு ஒட்டவைக்க வேண்டுமானால் சர்ஜ் எக்ஸ்டி நல்லது. திறந்த மூல மென்பொருள், விலை கிடையாது, ஆக்டேவைச் சமமாகப் பிரிக்காத சுர அமைப்புகளைக் கோப்பாக ஏற்றும் வசதியும் உண்டு.

கேள்வி: இணையச் சந்தை ஒன்றில் ‘எல்லா சிந்தசைசர்களும் 45 ரிங்கிட்’ என்ற தொகுப்பை வாங்கினேன். வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கூடாது. ஆயிரக்கணக்கான ரிங்கிட் பெறுமானமுள்ள உரிமங்களை யாரும் 45 ரிங்கிட்டுக்கு விற்கமுடியாது. உங்களுக்கு வந்திருப்பது பூட்டு உடைக்கப்பட்ட நகல். பாதுகாப்பை அணைக்கச் சொல்வதே போதிய எச்சரிக்கை. அதே கணினியில்தானே வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள்?

நிறுவியிருந்தால் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து உடனே மாற்றுங்கள். நிறுவவில்லை என்றால், ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்தாமல் அந்தத் தளத்திடமே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். விளம்பரப் பக்கத்தையும் விற்பனையாளருடன் பேசியதையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தளம் கைவிரித்தால், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். விற்றவரின் பெயரும் முகவரியும் தெரிந்தால்தான் மனு நகரும் என்பதால் அந்த விவரத்தை இப்போதே தளத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.