தூக்காமலே பெரிய டயர்: பழைய பக்கிக்கு எது நுழையும்?

தென்னாப்பிரிக்காவில் பிக்கப்புக்குப் பேரே பக்கிதான். தமிழ்நாட்டுச் சொந்தங்கள் யாரையோ திட்டுவதாக நினைத்துவிட வேண்டாம். வண்டியை உயர்த்தும் கிட் எதுவும் போடாமல், பழைய பக்கிக்குக் கொஞ்சம் பெரிய டயர் மாட்டுவது பற்றி வந்த கேள்விகள் இவை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணே, என்னோட பழைய இசுசு கேபியில 225/70 ஆர் 15 சி கிடக்கு. 235/75 ஆர் 15 தாராளமா நுழையும்னு டயர் கடையில சொல்றாங்க. நம்பலாமா?

முதலில் கணக்கு. 225 என்பது டயரின் அகலம் (மி.மீ), 70 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 15 ரிம் அங்குலம், சி என்றால் சுமை வண்டி டயர். அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கி இரட்டிப்பாக்குங்கள், ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். உங்கள் டயர்: 225-இல் 70 சதவீதம் 157.5, இரண்டு பக்கத்துக்கு 315, ரிம் 381, மொத்தம் 696 மி.மீ. புதுசு 733.5 மி.மீ. வித்தியாசம் 37.5, அதாவது 5.4 சதவீதம். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி இதில் பாதிதான் கூடும், 19 மி.மீ. பெரிய டயர் போட்டால் வண்டி ஏகத்துக்கு உயர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

5 சதவீதம் வரை பெரும்பாலான பழைய பக்கிகள் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் எங்காவது வெட்டவோ தட்டவோ வேண்டிவரலாம். நீங்கள் அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறீர்கள், அதனால் கடைக்காரர் சொன்ன 'தாராளமா' கொஞ்சம் தாராளம்தான். வாங்குவதற்கு முன் ஒரே ஒரு டயரை ரிம்மில் ஏற்றி, முன் இரண்டு பக்கமும் மாட்டிப் பார்க்கச் சம்மதிக்கிற கடையில் வாங்குங்கள். ஒரே அளவு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நிஜ அளவு மாறும். சேற்று டயரின் தோள்பட்டைக் கட்டைகள் சதுரமாக இருப்பதால் அவைதான் முதலில் உரசும்.

டோங்காட்டிலிருந்து: நேரா நிக்கும்போது நல்ல இடம் இருக்கே அண்ணே, அப்புறம் எங்கதான் உரசுது?

நேராக நிற்கும்போது எந்த டயரும் உரசாது தம்பி. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஒரு சக்கரம் மேட்டில் ஏறி, ஸ்பிரிங் அமுங்கும்போது உரசும். ரிவர்ஸில் ஒடிக்கும்போது இன்னும் மோசம்.

சோதனை இப்படி: டயரின் இரண்டு விளிம்பிலும் சாக்பீஸை அழுத்திப் பூசுங்கள். ஒரு முன் சக்கரத்தை 20 முதல் 25 செ.மீ உயரமுள்ள உறுதியான மேட்டில் ஏற்றுங்கள். இடது முழுசா, வலது முழுசா ஒடித்து, முன்னும் பின்னும் ஒரு முழம் நகர்த்துங்கள். மற்றப் பக்கமும் அதே மாதிரி. சாக்பீஸ் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் வேலை.

பெரும்பாலும் நாலு இடங்கள். முதலாவது மட்ஃபிளாப்பும் அதைப் பிடிக்கிற பட்டையும். கழற்றி ஒரு விரல்கடை பின்னால் தள்ளி மாட்டினால் தீர்ந்தது. இரண்டாவது மட்கார்டுக்குள் இருக்கிற பிளாஸ்டிக். ஹீட் கன்னால் இளக்கி உள்ளே தள்ளலாம். மூன்றாவது பம்பர் மூலை. நாலாவதுதான் தலைவலி: சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே, இரண்டு தகரத்தைச் சேர்த்து வெல்டு அடித்த விளிம்பு. அது டயரைக் கத்தி மாதிரி அறுக்கும். சுத்தியலால் படுக்க வைக்கலாம், ஆனால் அடித்த இடத்தில் பெயிண்ட் உதிரும். டர்பன் கடற்காற்றில் வெறும் தகரம் சீக்கிரமே துருப்பிடிக்கும். துருவைச் சுரண்டி, பிரைமர், மூட்டு அடைக்கும் சீலர், மேலே பெயிண்ட், மூன்றும் அன்றைக்கே.

உரசல் மிகக் கொஞ்சம் என்றால் சக்கரம் எவ்வளவு ஒடியலாம் என்று தடுக்கிற ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டை ஓரிரண்டு திருகு வெளியே எடுத்தால் போதும். வண்டி திரும்புகிற வட்டம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

வெருலத்திலிருந்து: தம்பி, டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கினா முன்பக்கம் சும்மாவே ஏறுமே. அதை ஏன் நீங்க சொல்லலை?

ஐயா, டார்ஷன் பார் என்பது முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்கிற முறுக்குக் கம்பி. தொய்ந்துபோன வண்டியைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவர முறுக்கலாம். அதற்கு மேல் முறுக்கினால் அது உயர்த்துவதுதான். சக்கரம் கீழே இறங்க இடம் குறைந்து, பள்ளத்தில் 'டங்' என்று அடிக்கும். முன் சக்கர டிரைவ் உள்ள வண்டியில் சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டின் மூட்டான சி.வி. ஜாயிண்ட் கோணம் கூடி ரப்பர் உறை கிழியும்.

உண்மையில் பழைய பக்கியில் உரசலுக்கு டயர் பாதி, தொய்ந்த ஸ்பிரிங் பாதி. சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து, வண்டிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொய்வைச் சரிசெய்த பிறகு டயர் வாங்கலாம். முறுக்கிய பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

ஃபீனிக்ஸிலிருந்து: பழைய இரும்பு ரிம்மே போதுமா?

ரிம்மின் பின்பக்கம் குத்தியிருப்பதைப் படியுங்கள். 5.5 ஜே, அதாவது 5.5 அங்குல அகலம் என்றால் 235/75 ஆர் 15-க்குப் போதாது. அதற்கு 6 முதல் 8 அங்குலம் வேண்டும். ஒல்லி ரிம்மில் டயர் நடுவில் உப்பி, நடுப்பகுதி மட்டும் தேயும்.

வேறு ரிம் வாங்கினால் ஆஃப்செட்டைப் பாருங்கள்: ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ-இல். 30-லிருந்து 0-க்குப் போனால் சக்கரம் 30 மி.மீ வெளியே வரும். உள்பக்க உரசல் நின்று, ஒடிக்கும்போது வீச்சு பெரிதாகி பம்பரில் இடிக்கும். பேரிங் சுமையும் கூடும். இரும்பு ரிம்முக்கும் அலாய் ரிம்முக்கும் நட் உட்காரும் வாய் வேறாக இருக்கலாம், மாற்றிப் போடாதீர்கள். மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப முறுக்குங்கள்.

ஸ்டேங்கரிலிருந்து: அண்ணா, கிளேர்வுட் சந்தைக்குக் காய்கறி ஏத்துற வண்டி. பெரிய டயர்னா கூடச் சுமை தாங்கும்தானே?

இல்லை தங்கச்சி, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 225/70 ஆர் 15 சி-யில் பெரும்பாலும் 112 என்று இருக்கும்: ஒரு டயருக்கு 1120 கிலோ. 235/75 ஆர் 15-இல் 104 போட்டதும் வரும், அது 900 கிலோ; 109 போட்டது 1030. பின் அச்சில் 112-க்குப் பதில் 104 போட்டால் 440 கிலோ தாங்குதிறன் போச்சு. சுமை வண்டிக்குப் பழைய அளவிலேயே நல்ல சி டயர் போடுங்கள். அழகு அப்புறம்.

லெனேசியாவிலிருந்து: ஹைலக்ஸ் 2.4 டீசல், டர்போ இல்லை. 31 அங்குல உயர டயர் போடணும்னு ஆசை.

ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1700 மீட்டருக்கு மேல். அங்கே டர்போ இல்லாத இன்ஜின் ஏற்கெனவே ஆறில் ஒரு பங்கு பலத்தை மெலிந்த காற்றுக்குக் கொடுத்துவிட்டது. டயர் 5 சதவீதம் பெரிதானால் எல்லாக் கியரும் 5 சதவீதம் நீளும். வான் ரீனன் கணவாயில் நாலாம் கியரில் ஏறிய வண்டி மூன்றுக்கு இறங்கும், பின்னால் லாரி ஒலி எழுப்பும். அச்சில் உள்ள பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்றாமல் 31 வேண்டாம். ஒரு அளவு மட்டும் கூட்டுங்கள்.

முன்னால் பட்டை ஸ்பிரிங், ஒரே அச்சு உள்ள மாடலாக இருந்தால் இன்னொன்று. கனமான டயர் பழைய தளர்ச்சிகளை வெளியே கொண்டுவரும். 60–80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் குலுங்கினால் உடனே ஸ்டியரிங் அதிர்வை அடக்குகிற டேம்பரை மாற்றாதீர்கள். பேலன்ஸ், டை ராட் முனை, வீல் பேரிங், கிங்பின் பேரிங் இறுக்கம் என்று வரிசையாகப் பாருங்கள். டேம்பர் குலுக்கலை மறைக்கும், தீர்க்காது.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து: 225/70-ஐக் கழற்றிட்டு 235/75 மாட்டிட்டேன். மைலேஜ் குறைஞ்ச மாதிரி இருக்கு. ஸ்பேர் பழைய அளவுதான், இந்த மாசம் சானி பாஸ் மலைப்பாதைக்குப் போறோம்.

மைலேஜில் ஒரு பகுதி மாயை. மீட்டர் இப்போது குறைவாக எண்ணுகிறது. ஓடிய கிலோமீட்டரை 1.054-ஆல் பெருக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். வேகமும் அப்படித்தான்: மீட்டர் 114 காட்டும்போது நிஜ வேகம் 120 ஆகலாம். பழைய மீட்டர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் முதலில் போனில் ஜி.பி.எஸ். வைத்துப் பாருங்கள். கேபிள் மீட்டர் என்றால் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள சின்னப் பல்சக்கரத்தை ஒரு பல் குறைவானதாக மாற்றினால் சுமார் 3 சதவீதம் சரியாகும்.

ஸ்பேர் விஷயத்தில் விளையாடாதீர்கள். நாலு சக்கர டிரைவ் போட்டு ஓட்டும்போது ஒரு டயர் மட்டும் சின்னதாக இருந்தால் முன்பின் அச்சுகளுக்கு பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸும் கிரவுனும் முறுக்கிக்கொள்ளும். ஐந்தாவதையும் அதே அளவில் வாங்குங்கள். அது வண்டிக்கு அடியில் உள்ள தாங்கியில் சைலன்சரைத் தொடாமல் ஏறுகிறதா என்று வீட்டிலேயே ஏற்றிப் பாருங்கள்.

இன்சூரன்ஸ்காரருக்கும் புது அளவை எழுத்தில் சொல்லிவிடுங்கள். வண்டியை விற்கும்போது ரோட்வொர்த்தி (சாலைத் தகுதி) சோதனையில் டயர் உடம்பைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். சாக்பீஸ் சோதனையில் தேறிய வண்டி அங்கே மாட்டாது.