எலிட்ரானா, எலிட்ராவா?

தக்கலைத் தென்னந்தோப்பில் பிடித்த காண்டாமிருக வண்டை வரைந்து, ஒரு முன்சிறகுக்கு 'எலிட்ரா' என்று குறித்ததை ஆசிரியர் ஏன் அடித்தார் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று என்றால் எலிட்ரான். இரண்டும் சேர்ந்தால்தான் எலிட்ரா. கிரேக்கப் பன்மை அது.

சரி, வேரையும் தெரிந்துகொள்ளுங்கள், அதுதான் அழகு. கிரேக்கத்தில் எலிட்ரான் என்றால் உறை, மூடி. ஓடு போன்ற அந்தக் கருத்த முன்சிறகை ஊசியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள்: அடியில் மெல்லிய பின்சிறகு நுனி மடிந்து கிடக்கும். பறக்க உதவும் சிறகு அதுதான்; மேலே இருப்பது காவல். வண்டுகள் எல்லாம் அடங்கும் பெரும்பிரிவின் (வரிசையின்) பெயரான கோலியாப்டெராவும் இதையே சொல்கிறது: கோலியோஸ் வாளுறை, ப்டெரான் சிறகு. அரிஸ்டாட்டில் கையாண்ட சொல். 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸின் உயிரின வகைப்பாட்டிலும் அதுவே இருக்கிறது.

படத்தில் ஒரு பக்க ஓட்டைத் திறந்து வரையுங்கள், இரண்டு சிறகையும் தனித்தனியே குறிக்கலாம்.