என் விண்வெளிக் கதையின் இளம் சூனியக்காரி முதல் காதலை இழக்க வேண்டும். காதலனைக் கொன்றுவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நாயகிக்கு 18 வயது, மந்திரம் கற்கிறாள். கிரகம் விட்டுக் கிரகம் கப்பல் போகும் உலகம். முதல் காதல் பறிபோனால்தான் இரண்டாம் பாகம் நகரும், அதனால் வில்லன் கையால் காதலனைச் சாகடிக்க யோசிக்கிறீர்கள்.

தயவுசெய்து வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஏறக்குறைய இதே கருவில் நானும் ஒரு கதை எழுதினேன். பையன் செத்திருந்தால் இன்னும் உருக்கமாக இருந்திருக்கும் என்று ஒரு போட்டி நடுவர் குறிப்பு எழுதி அனுப்பினார். இன்றுவரை என்னால் அதை ஏற்க முடியவில்லை. செத்துப்போனவனோடு அவளுக்குக் கணக்கு முடிந்துவிடும். பழிவாங்கக் கிளம்புவாள், மூன்றே அத்தியாயத்தில் கதை வில்லனுடையதாகிவிடும். முதல் காதல் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. அவன் எங்கோ உயிரோடு, நன்றாகவே இருப்பான், நாம் மட்டும் அந்த வாழ்க்கையில் இருக்கமாட்டோம். எனக்குக் கிடைத்த இழப்பும் அந்த வகைதான். நண்பர்கள் பகிரும் படங்களில் ஒருவர் வாழ்க்கை நகர்வதைத் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

என் கதையில் நாயகி பெயர் யாமினி. மழையே பெய்யாத கிரகம். மழை மந்திரம் தெரிந்த கிழவி 12 ஒளியாண்டு தள்ளி, அதாவது ஒளியே போய்ச்சேர 12 வருடம் ஆகும் தூரத்தில் இருக்கிறாள். அது வாயிலிருந்து காதுக்கு மட்டுமே போகும் மந்திரம், எழுதியோ ஒலிபரப்பியோ அனுப்பினால் செத்துவிடும். ஆகவே யாமினிதான் போக வேண்டும். கப்பல்துறையில் வேலை பார்க்கும் மாறன் வழியனுப்புகிறான். இருவருக்கும் 18 வயது.

கப்பல் ஒளிவேகத்தில் 99 சதவீதத்தில் போகிறது. அந்த வேகத்தில் கப்பல் கடிகாரம் ஏழு மடங்கு மெதுவாக ஓடும். ஐன்ஸ்டீன் 1905இல் சொன்ன சார்பியல் இது, என் கற்பனை இல்லை. 1971இல் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றவைத்து, நானோ நொடிக் கணக்கில் இந்த வித்தியாசத்தை அளந்தும் பார்த்துவிட்டார்கள். போய், மந்திரத்தை வாங்கிக்கொண்டு உடனே திரும்பினால் யாமினிக்கு ஆவது சுமார் மூன்றரை வருடம். மாறனுக்கு 24 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அவள் 21 வயதில் இறங்குகிறாள், அவனுக்கு 42.

இதுவரை சொன்னதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு நடுவில் நடப்பதை.

யாமினிக்கு மை போட்டுப் பார்க்கத் தெரியும். எவ்வளவு தூரத்தில் இருப்பவரையும் மையில் காணலாம், ஆனால் அங்கிருந்து ஒளி வந்து சேர்ந்த அளவுக்குத்தான் தெரியும் என்று ஒரு விதி வைத்தேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. போகும் வழியில் ஒளி அவளைத் துரத்திக்கொண்டு வருகிறது. அவளுக்கு இருபது மாதம் கழிகிறது, மையில் தெரிவதோ மாறனின் 44 நாட்கள்தான். அவன் திரும்பி நடக்க, தலை குனிய, கண்ணைத் துடைக்க எல்லாவற்றுக்கும் பதினான்கு மடங்கு நேரம் ஆகிறது. அவள் அங்கே இறங்கும்போதும் அவன் பிரிந்து ஒன்றரை மாதமே ஆனவனாக, கப்பல்துறைக்கு வந்து வந்து போய்க்கொண்டிருக்கிறான். காத்திருக்கிறான் என்றே அவள் நம்புகிறாள்.

திரும்பும் வழியில் எல்லாம் தலைகீழ். அவள் ஒளிக்கு எதிரே பாய்கிறாள். மீதமிருக்கும் 24 வருடமும் அதே இருபது மாதத்துக்குள் மையில் ஓடுகிறது. அவன் கப்பல்துறைக்கு வருவது குறைகிறது. வேறொரு பெண் வருகிறாள். குழந்தை தவழ்வதை யாமினி ஒரு நாள் பார்க்கிறாள், அடுத்த மாதம் அது ஓடுகிறது. நரை விழுகிறது. ஒரு வார்த்தை சொல்லி நிறுத்த வழியில்லை, அவள் பார்ப்பதெல்லாம் நடந்து முடிந்தவை.

மாறனைத் துரோகி என்று திட்டிய வாசகர்கள் உண்டு. அவன் பக்கம் நின்று பாருங்கள். அவனும் வானத்தைப் பார்க்கிறான். யாமினி போய்ச் சேர்ந்த ஒளி அவனை எட்டவே, அவள் கிளம்பியதிலிருந்து 24 வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் அவன் கண்ணுக்கு அவள் விலகிப் போய்க்கொண்டே இருக்கிறாள். அவள் திரும்பிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்த 44ஆம் நாள் அவளே வந்து நிற்கிறாள். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

மந்திரம் இருக்கிற உலகத்துக்கு ஐன்ஸ்டீன் எதற்கு என்று சிலர் வருவார்கள். மந்திரத்தால் எல்லாம் முடியும் என்றால் இழப்பு என்று ஒன்று அங்கே நடக்கவே முடியாது. அவளால் மீற முடியாத ஒரு சட்டமாவது இருக்க வேண்டும். நான் ஒளியைத் தேர்ந்தெடுத்தேன், நீங்கள் வேறு எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் வேகம் பிடிக்கும் காலத்தையும் நிற்கும் காலத்தையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை என்பது எனக்கும் தெரியும், இயற்பியல் படித்தவர்கள் அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம்.

பிரியும்போது என்ன வாக்குக் கொடுத்துக்கொள்வார்கள் என்பதையும் யோசியுங்கள். நம் அகப்பாடல்களில் தலைவன் கார்காலத்தில் வருவேன் என்பான். இருவருக்கும் ஒரே மழை, அதனால் அந்த வாக்குக்குப் பொருள் உண்டு. 2016இல் கண்டுபிடித்த பிராக்சிமா பி கிரகத்தில் ஒரு வருடம் என்பதே பதினோரு நாள் சொச்சம்தான். அந்த மாதிரி இடத்தில் "அடுத்த வருடம் வருகிறேன்" என்றால் யாருடைய வருடம்? என் இருவரும் காலத்தைச் சொல்லாமல் "மழையோடு வருகிறேன்" என்று பிரிகிறார்கள். அவள் சொன்னபடியே வருகிறாள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். புத்தகமாகப் போடும்போது அட்டைப்படத்தை முன்கூட்டியே பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். என் கதையை வெளியிட்டவர்கள் யாமினிக்குக் கூன் மூக்கும் துடைப்பமும் கொடுத்து, பின்னட்டையில் 42 வயது மாறனைப் பற்றியும் அச்சடித்துவிட்டார்கள். கதையில் எங்குமே துடைப்பம் கிடையாது. முடிவைத் தெரிந்துகொண்டு படித்தவர்களுக்கு அந்த மை போடும் பகுதி என்ன ஆகியிருக்கும்? கேட்டதற்கு, விற்பனைக்கு அதுதான் நல்லது என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். வேகத்தை நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள். ஒளிவேகத்தில் 87 சதவீதம் என்றால் கடிகாரம் பாதிதான் குறையும், அந்த வித்தியாசத்தில் காதல் பிழைத்துக்கொள்ளவும் கூடும். 99.99 சதவீதம் என்றால் எழுபது மடங்கு, மையில் அவன் ஆயுள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், அவளுக்கு வருத்தப்படக்கூட நேரம் இருக்காது. எத்தனை ஒளியாண்டு, என்ன வேகம், அங்கே எவ்வளவு காலம் தங்குகிறாள் என்று பதிலில் எழுதுங்கள். இருவருக்கும் என்ன வயதாகும், யார் கண்ணுக்கு எது எப்போது தெரியும் என்று நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்.