கையில் ஓர் எழுத்துப் பிழை

கேள்வி: பச்சை குத்தியிருக்கிறீர்களா? அதற்குப் பின்னால் என்ன கதை? குத்திக்கொண்டதற்காகப் பிறகு வருந்தியதுண்டா?

எனக்கு இரண்டு இருக்கின்றன. வருத்தம் ஒன்றில்தான். அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

2006இல், கல்லூரியில் படித்தபோது, நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவில் சாலையோரம் மிஷினோடு உட்கார்ந்திருந்தவரிடம் இருபது ரூபாய் கொடுத்து வலது மேற்கையில் 'செ' என்று குத்திக்கொண்டேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேரைக் குத்திய அதே ஊசி. மஞ்சள்காமாலை தொற்றாமல் தப்பித்தது வெறும் அதிர்ஷ்டம். அந்தச் 'செ' இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். என் மனைவியின் பெயர் 'ம'வில் தொடங்குகிறது. எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டார். ஆனாலும் சண்டை போட்ட நாட்களில் "ஒற்றைக்கொம்பு சுகமா?" என்று என் தோளைப் பார்த்துக் கேட்பார். லேசர் வைத்து அழிக்க விசாரித்தேன். பல தடவை போக வேண்டுமாம், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தொகையாம். கொம்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது இடது முன்கையில் இருக்கிறது. 'சுடலைமுது' என்று ஒரு சொல், அதன் அடியில் ஐந்து புள்ளிகள். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு 'த்' விட்டுப்போயிருப்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். நான் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன் என்று தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

சுடலைமுத்து என் அம்மாவின் அப்பா. ஆச்சிக்கு அவரோடு கல்யாணம் நிச்சயமானபோது ஊருக்குள் குறத்தி ஒருத்தி பச்சை குத்த வந்தாளாம். அகத்திக்கீரையும் மஞ்சளும் துணியில் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, அந்தப் புகை படிந்த சட்டியைச் சுரண்டி எடுத்த கரி. அதைத் தாய்ப்பாலில் குழைத்து, சேர்த்துக் கட்டிய மூன்று ஊசிகளால் குத்தினாள். வலி தெரியாமலிருக்கப் பாட்டும் பாடினாள். குத்துகிறவளுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, குத்திக்கொள்கிறவளுக்கும் தெரியாது. வீட்டில் எழுத்து தெரிந்தவர் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஆச்சியின் தம்பி மட்டும்தான். அக்காவின் கையில் கரித்துண்டால் மாப்பிள்ளை பெயரை எழுதிக் கொடுத்தவர் அவர். 'த்'தை விழுங்கியவரும் அவர்தான். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தான் சரியாக எழுதியதாகவும், குறத்திதான் ஓர் எழுத்தைத் தாண்டிப் போய்விட்டதாகவும் சாதித்தார். புள்ளிகள் ஐந்தும் குறத்தி தானாக வைத்தவை. அவற்றுக்குத் தனியாக அரிசி கேட்கவில்லை என்பது ஆச்சிக்குப் பெருமை.

(இங்கே ஒன்று. 'பச்சை குத்து' என்பதில் நடுவே 'க்' வராது. பச்சையைக் குத்துவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை. தொழில் புத்தி, மன்னிக்கவும்.)

ஆச்சி ஆயுளில் ஒரு தடவைகூடப் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. சுடலைமாடன் கோயிலைக்கூட 'அந்தக் கோயில்' என்பாள். எண்பதுகளில் ரேஷன் கார்டு எழுத வந்தவர்கள் "கணவர் பெயர்?" என்று கேட்டிருக்கிறார்கள். தாத்தா வயலில் இருந்தார். ஆச்சி பேசாமல் கையை நீட்டினாள். எழுதியவர் ரொம்ப நேர்மையானவர் போலிருக்கிறது, கையில் இருந்ததை எழுத்து மாறாமல் அப்படியே எழுதிக்கொண்டார்.

1996இல் தாத்தா இறந்தார். இறப்புச் சான்றிதழில் சுடலைமுத்து, கார்டில் சுடலைமுது. விதவை உதவித்தொகைக்கு மனு கொடுத்தால், இந்த முது யார் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று சான்று வாங்கப் பதினோரு மாதம் அலைந்தோம். போன இடத்திலெல்லாம் ஆச்சி கையை நீட்டினாள். ஒரு 'த்'துக்கு ஆன பஸ் டிக்கெட் செலவை அம்மா இப்போதும் கணக்குச் சொல்வார்.

எனக்கு அந்தக் கை பழக்கமானது பீடி சுற்றும்போதுதான். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி. மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும். எதிரே உட்கார்ந்து நான் தலைகீழாக எழுத்துக்கூட்டுவேன். ஆச்சி இலையைச் சுருட்டும்போது தோல் இழுபட்டு 'மு' நீளும், நூலைக் கட்டும்போது சுருங்கும். அதில் இருந்த 'லை' எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த 'லை' அல்ல. யானைத் துதிக்கையைத் தூக்கி வைத்ததுபோல் மேலே வளைந்திருக்கும் பழைய 'லை'. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோது அச்சுக்கூடங்களில் அது மறைந்தது. ஆச்சி கையில் அரசாணை செல்லவில்லை.

கரி கறுப்புதானே, ஏன் பச்சையாகத் தெரிகிறது என்று கேட்டிருக்கிறேன். மஞ்சள் சேர்த்ததால் என்பாள் ஆச்சி. உண்மையில் கரி தோலுக்கடியில் இருப்பதால்தான் அந்த நிறம். மேல்தோல் ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகிவிடும், மை அதற்கும் கீழே இருக்கிறது. அங்கே உடம்பின் காவல் அணுக்கள் கரியை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஓர் அணு செத்தால் அது விட்ட கரியை அடுத்தது விழுங்கிக்கொள்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலி வாலில் பச்சை குத்திப் பார்த்து 2018இல் இதை வெளியிட்டார்கள்.

அதே ஆண்டில்தான் ஆச்சி படுக்கையில் விழுந்தாள். அதற்குள் எழுத்துகள் கசிந்து தடித்திருந்தன, 'சு'வின் வயிறு அடைந்துபோயிருந்தது. ஒரு மத்தியானம் டிரேசிங் பேப்பரைக் கைமேல் வைத்துப் பென்சிலால் படியெடுத்தேன். தூங்குகிறாள் என்று நினைத்தேன். "ஏலே, பத்திரம் எழுதுகிறாயா?" என்றாள். பேப்பர் நழுவாமலிருக்க மற்றக் கையால் தானே பிடித்துக்கொண்டாள். மறு மாதம் போய்விட்டாள்.

2019இல் சென்னையில் ஒரு கடைக்கு அந்தப் பேப்பரைக் கொண்டுபோனேன். ஊசியைக் கண் முன்னால் உறை பிரித்து எடுத்தார்கள். குத்துகிற தம்பி படிமத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரு 'த்' இல்லை. 'லை'யும் என்னவோபோல் இருக்கிறது. கம்ப்யூட்டரில் சரியாக அடித்துவிடட்டுமா?" என்றார். பதினோரு வருடமாக விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். வேண்டாம் என்றேன். எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு. தவறாகத் திருத்திவிட்டோம், முன்பு இருந்தபடியே இருக்கட்டும் என்பதற்கு அந்தச் சொல்லின் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்போம். குறத்தி அன்றைக்கே வைத்துவிட்டாள். புள்ளி ஐந்தையும் அதே இடத்தில் வைக்கச் சொன்னேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. மணிக்கட்டுப் பக்கம் வந்தபோது வலி அதிகம், பாட்டெல்லாம் யாரும் பாடவில்லை. சில மாதம் கழித்து நண்பரின் அப்பாவுக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். பச்சை குத்தி ஓராண்டு ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது முன்பே தெரியாமல் போயிற்று. நீங்கள் குத்திக்கொள்வதாக இருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. போன வாரம் நான் கட்டிலில் சாய்ந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினாள். இரண்டு தடவை படித்துவிட்டு எழுந்துபோய், என் மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவந்து 'மு'வுக்கும் 'து'வுக்கும் நடுவில் மேலே ஒரு 'த்' போட்டாள். குளித்தபோது அது போய்விட்டது. மறுநாள் பார்த்துவிட்டு மறுபடியும் பேனாவை எடுத்து வந்தாள்.